காவிப் பல்லும் துப்பட்டா முனையும்

கேள்வி: டாக்டர், எனக்கு 24 வயது. தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். பி.காம். முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் முன்பற்களில் காவி நிறத்தில் பட்டை பட்டையாகக் கறை இருக்கிறது. ஊரில் இருக்கும்வரை இது எனக்குத் தெரியவே இல்லை. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம் பக்கத்துக் கட்டில் பெண், “நீ பாக்கு போடுவியா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து துப்பட்டா முனையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரிக்கிறேன். கொரோனா சமயத்தில் மாஸ்க் போட்டிருந்த காலம்தான் நிம்மதியாக இருந்தது. போன மாதம் பெண் பார்க்க வந்தவர்கள், “பொண்ணுக்குப் பல்லு ஒரு மாதிரி இருக்கு” என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தேன், கரித்தூள் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. ஒரு கிளினிக்கில் முன்பற்கள் பத்துக்கும் கேப் போட்டு ‘ஸ்மைல் டிசைன்’ செய்துவிடலாம் என்கிறார்கள். அம்மா வளையலை அடகு வைக்கத் தயாராகிவிட்டாள். அண்ணனோ, “உன் பல்லை யாரும் பார்க்கல, எல்லாம் உன் பிரமை” என்கிறான். யார் சொல்வது சரி? அக்காவுக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. அதற்கும் இப்படி வருமா?
– பெயர் வேண்டாம்

பதில்: “ஊரில் இருக்கும்வரை இது எனக்குத் தெரியவே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. அந்த வரியை இரண்டு தரம் படித்தேன். சேலத்தில் 26 வருஷமாகப் பல் பார்க்கிறேன். தர்மபுரி பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைகள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்குக் காவிப் பல் இருந்தால் அது கறையாகத் தெரியாது, பல்லின் நிறமே அதுதான் என்று தோன்றும். வெளியூர் ஹாஸ்டலில் வைத்துத்தான் ஒருத்தி அதற்குப் பெயர் வைக்கிறாள். உங்களுக்கு அவள் வைத்த பெயர் ‘பாக்கு’.

முதலில் அந்தப் பெயரைக் கழற்றிவிடுவோம். இன்று இரவு நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கிப் பாருங்கள். நடுவில் இருக்கும் இரண்டு பெரிய பற்களிலும் கறை ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஒரே மாதிரி குறுக்குக் கோடாக ஓடுகிறதா? அவற்றை அடுத்த சிறிய பற்களிலும் இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கமும் இருக்கிறதா? பாக்கு, புகையிலைக் கறை இப்படி ஜோடி பார்த்துப் படியாது. அது பல்லின் இடுக்கிலும் ஈறு ஓரத்திலும் உள்பக்கத்திலும் அப்பிக்கொள்ளும், க்ளீனிங் செய்தால் போய்விடும். அடிபட்ட பல்லென்றால் ஒரே ஒரு பல் மட்டும் கறுக்கும். இடமும் வலமும் கோலம் போட்ட மாதிரி ஒத்துப்போகிற கறை என்றால் அது பெரும்பாலும் ஃப்ளோரோசிஸ். நீங்கள் குழந்தையாக இருந்தபோது குடித்த தண்ணீரின் பதிவு அது.

நிலைத்த முன்பற்களின் எனாமல், அதாவது பல்லின் மேல் ஓடு, நீங்கள் பிறந்த மூன்று நான்கு மாதத்தில் ஈறுக்குள்ளேயே உருவாகத் தொடங்கி, நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடும். அது முடிந்து இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் பல் வெளியே வந்து முகம் காட்டும். அந்த நாலைந்து வருஷத்தில் குடிதண்ணீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு அதிகமாக இருந்தால் எனாமல் கெட்டியாக அமையாமல், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளோடு அமைந்துவிடுகிறது. பல் முளைத்து வரும்போது அது சுண்ணாம்பு வெள்ளையாகத்தான் இருக்கும். அப்புறம் டீ, குழம்பு, சாப்பாட்டுச் சாயம் எல்லாம் அந்தத் துளைகளில் இறங்கிக் காவியாகிறது. உங்கள் பள்ளிக்கூட போட்டோக்களில் ஏழு எட்டு வயதில் எடுத்தது இருந்தால் பாருங்கள், இவ்வளவு காவி இருந்திருக்காது. ஆக, பல் விளக்காததால் வந்ததென்று யாரும் சொல்ல முடியாது. பிரஷ் உங்கள் கைக்கு வருமுன்பே முடிந்துபோன கதை இது.

இந்திய தர நிர்ணயப்படி குடிதண்ணீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் பக்கத்துப் பாறை கருங்கல் இனம். அதிலுள்ள சில கனிமங்களில் ஃப்ளோரைடு இருக்கிறது. போர் ஆழமாகப் போகப் போக, தண்ணீர் பாறை இடுக்கில் ரொம்பக் காலம் ஊறிக் கிடந்து அதைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டார்கள். அதன் முழுப் பெயரிலேயே ‘ஃப்ளோரோசிஸ் தடுப்பு’ என்று இருக்கிறது. 2013-ல் அது தொடங்கி வைக்கப்பட்டபோது உங்களுக்கு 12 வயது இருந்திருக்கும். உங்கள் முன்பற்கள் உருவாகி முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. காவிரித் தண்ணீர் வந்தது, உங்கள் பல்லுக்குத் தாமதமாக வந்தது. அவ்வளவுதான் உங்கள் குற்றம்.

இது தர்மபுரியின் தனிச்சொத்தும் இல்லை. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901-ல் ஃப்ரெடரிக் மெக்கே என்ற இளம் பல் டாக்டர் பிராக்டீஸ் செய்யப் போனார். பார்க்கிற பிள்ளைகளுக்கெல்லாம் காவிப் பல். ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மெக்கே கவனித்த விஷயம் இது: அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் கறை இருந்தது, பெரியவர்களான பிறகு குடியேறியவர்களுக்கு இல்லை. காரணம் ஃப்ளோரைடு என்று ஒரு அலுமினியக் கம்பெனியின் வேதியியலாளர் தண்ணீரைச் சோதித்துக் கண்டுபிடித்தபோது வருஷம் 1931. முப்பது வருஷம் ஆகியிருந்தது. நம் பக்கம் 1937-ல் ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் இதே தண்ணீர் எலும்பையும் பாதிக்கிறதென்று எழுதினார்கள். அதற்குப் பிறகும் நாம் அந்தத் தண்ணீரைப் பல தலைமுறை குடித்தோம். அது வேறு கதை, அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

சரி, உங்கள் அண்ணனுக்கும் உங்களுக்கும் உள்ள வழக்குக்கு வருகிறேன். “யாரும் பார்க்கல” என்கிறார் அண்ணன். பாதி சரி. எது சரியான பாதி என்பதற்கு ஒரு பழைய பரிசோதனையைச் சொல்கிறேன்.

1980-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் க்ளெக், ஸ்ட்ரென்டா என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. சிலரை அழைத்து, அவர்கள் முகத்தில் மேக்கப்பால் ஒரு பெரிய தழும்பு வரைந்து, கண்ணாடியிலும் காட்டினார்கள். “இதோடு போய் ஒருவரிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வாருங்கள், அவர் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்று சொல்லுங்கள்” என்றார்கள். புறப்படுமுன், தழும்பு காய்ந்து வெடித்துவிடாமல் இருக்க ஒரு க்ரீம் தடவுகிறோம் என்று சொல்லி, அவர்களுக்குத் தெரியாமல் அதைச் சுத்தமாக அழித்துவிட்டார்கள். வெறும் முகத்தோடு போனவர்கள் திரும்பி வந்து சொன்னது என்ன தெரியுமா? எதிரில் இருந்தவர் தழும்பைப் பார்த்துச் சங்கடப்பட்டார், சரியாகக் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்றெல்லாம் சொன்னார்கள். இல்லாத தழும்புக்கு இவ்வளவும். எதிரில் இருந்தவர் சாதாரணமாகத் திரும்பியிருப்பார், எங்கேயோ பார்த்திருப்பார். நாம் எல்லாரும் பேசும்போது செய்வதுதான். ஆனால் தழும்பு இருக்கிறதென்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு ஒவ்வொரு திரும்பலும் அதற்குச் சாட்சியாகிவிட்டது.

இது அண்ணன் பக்கத்து வாதம். ஹாஸ்டலில் அந்தப் பெண் கேட்ட ஒரு கேள்விக்குப் பிறகு, உங்களைப் பார்த்து யார் முகத்தைத் திருப்பினாலும் ‘பல்லுக்காகத்தான்’ என்று நீங்கள் கணக்கில் எழுதியிருப்பீர்கள். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவருக்குச் சொல்கிறேன், அந்த வரவு செலவில் பாதிப் பதிவு தப்பு.

மற்ற பாதி உங்கள் பக்கம். அதை இல்லையென்று சொல்ல நான் தயாரில்லை. உங்கள் பல்லில் கறை நிஜமாகவே இருக்கிறது, மனிதர்கள் முகத்தைப் பார்த்து முடிவு கட்டுவதும் நிஜம். 2006-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லிஸ், டோடரோவ் என்ற இருவர், முன்பின் தெரியாத முகங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத்தக்கவரா, திறமைசாலியா என்று கேட்டார்கள். அந்த ஒரு கண்சிமிட்டலில் சொன்ன தீர்ப்பும் நிதானமாகப் பார்த்துச் சொன்ன தீர்ப்பும் பெரும்பாலும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை, ‘நான் சொன்னது சரிதான்’ என்ற தைரியம்தான் கூடியது. தீர்ப்பு சரியா என்பது வேறு விஷயம், அதை அந்தப் பரிசோதனை பார்க்கவே இல்லை. வந்து விழுகிற வேகத்தை மட்டும் பாருங்கள்.

பல்லைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு ஊருக்கு ஊர் மாறும். நம்மிடம் சிங்கப்பல் இருந்தால் ‘களையா இருக்கு’ என்போம். ஜப்பானிலும் அந்தத் தூக்கி நிற்கும் கோரைப்பல்லை அழகு என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வேறு ஊர்களில் அதே பல்லுக்குத்தான் பன்னிரண்டு வயதில் கம்பி கட்டிவிடுகிறார்கள். அதே ஜப்பானில் ஒரு காலத்தில் கல்யாணமான பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள், அதுதான் அன்றைய லட்சணம். என் பாட்டிக்கு வெற்றிலைச் சிவப்பு ஏறிய பல். அவளை யாரும் அசிங்கம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. இன்று அதே சிவப்பை ஒரு இளம்பெண்ணின் பல்லில் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நம் ஊரில் காவிப் பல்லுக்கு மூன்று அர்த்தம் வைத்திருக்கிறார்கள்: பல் விளக்க மாட்டான், பாக்கு புகையிலை போடுவான், இல்லாதப்பட்ட வீடு. மூன்றும் ஒருவரின் நடத்தையையோ தகுதியையோ பற்றியவை. அதனால்தான் அந்தக் கேள்வி உங்களைக் குத்தியது. “உன் பல் கலர் என்ன?” என்று அவள் கேட்டிருந்தால் மறுநாளே மறந்திருப்பீர்கள்.

பெண்ணுக்கு இது இன்னும் கூடுதல். அமெரிக்காவில் பல ஊர்களில் சொத்தையைத் தடுக்க அளவாக ஃப்ளோரைடு கலந்து தண்ணீர் விடுகிறார்கள். நமக்கு ஆகாத அதே சரக்கு, கொஞ்சமாக. அங்கே 2010-ல் கிளீட், நீடல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், சிறு வயதில் அந்தத் தண்ணீர் கிடைத்த ஊர்களில், சொத்தை குறைந்த பல்லோடு வளர்ந்த பெண்கள் மற்றப் பெண்களைவிடச் சுமார் 4 சதவீதம் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று கணக்கிட்டார்கள். ஆண்களின் சம்பளத்தில் அப்படி ஒரு வித்தியாசத்தையும் காணவில்லை. உங்கள் அண்ணன் பல்லைப் பார்க்காமல் எழுதுகிறேன். ஒரே வீடு, ஒரே போர் தண்ணீர். அவர் பல்லிலும் கொஞ்சம் காவி இருக்க வேண்டுமே? அவரிடம் யாராவது பல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

அப்புறம் அந்தத் துப்பட்டா முனை.

இதில் எனக்கும் அனுபவம் உண்டு. நான் எத்துப்பல். ஆறாம் வகுப்பில் எனக்குத் ‘தேங்காய்த் துருவி’ என்று பெயர். பத்தாவது வரை மேல் உதட்டை இழுத்து மூடிக்கொண்டுதான் பேசினேன். குரல் மூக்கால் வரும், ப, ம எல்லாம் சரியாக ஒலிக்காது. வாத்தியார் “என்னடா முனகுற?” என்று அதட்டுவார். பல்லுக்காக என்னைக் கேலி செய்தவர்கள் நாலு பேர் இருந்திருப்பார்கள். முனகலுக்காக என்னை மக்கு என்று நினைத்தவர்கள் பள்ளிக்கூடம் முழுக்க இருந்தார்கள். (கம்பி கட்ட வீட்டில் காசில்லை. டாக்டரான பிறகு நேரமில்லை. இப்போதும் வருகிற குழந்தைகள், “டாக்டருக்கே பல்லு நீட்டிக்கிட்டு இருக்கு” என்று அம்மா காதில் சொல்வது எனக்குக் கேட்கும்.)

வாயை மறைத்துக்கொண்டு பேசுகிறவரை எதிரில் இருப்பவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று கிளினிக்கில் நான் தினமும் பார்க்கிறேன். என் ரிசப்ஷனிஸ்ட் பெண், “சார், அவங்க கொஞ்சம் திமிர் பிடிச்சவங்க போல, சிரிக்கவே மாட்டேங்கறாங்க” என்று ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னாள். உள்ளே வந்து அந்த அம்மா வாயைத் திறந்தபோது நாலு முன்பல்லிலும் காவி. கூச்சத்தை இவள் திமிர் என்று படித்துவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்பும் நீங்கள் குனிந்து, துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லியிருந்தால், அவர்கள் பார்த்தது பல்லை மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். பல் என்பது தரகரிடம் சொல்ல வசதியான காரணம். ஆனால் இதை வைத்து, எல்லாம் உங்கள் தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல்லைப் பார்த்து மட்டுமே வேண்டாமென்று போனவர்களாகவும் இருக்கலாம். அப்படியானால் காபி செலவோடு போயிற்று.

இனி சிகிச்சை. இது உங்கள் அம்மாவும் படிக்க வேண்டிய பகுதி.

முதல் வேலை, எலுமிச்சையையும் கரித்தூளையும் இன்றே நிறுத்துங்கள். எலுமிச்சை அமிலம் எனாமலை இளக்கும். இளகியதைக் கரித்தூளும் உப்பும் சுரண்டி எடுக்கும். கறை எனாமலுக்குள்ளே இருக்கிறது. மேலே தேய்த்தால் கறை போகாது, எனாமல்தான் போகும், அப்புறம் ஐஸ் தண்ணீர் குடித்தால் கூசும்.

பத்துப் பல்லுக்குக் கேப் என்று சொன்னார்களே, அதற்கு ஒவ்வொரு பல்லையும் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அரைத்துக் குச்சியாக்க வேண்டும். அரைத்த எனாமல் திரும்ப வளராது. 24 வயதில் போடும் கேப் ஆயுசுக்கும் வராது. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டியிருக்கும், ஒவ்வொரு தரமும் உள்ளே இருக்கும் பல் இன்னும் கொஞ்சம் குறையும், சிலதுக்கு வேர் சிகிச்சையும் வந்து சேரும். உங்களுக்கு அறுபது வயதாகும்போது என்ன மிச்சம் இருக்கும்? கறை படிந்திருந்தாலும் உங்கள் பல் உறுதியான பல்லாகத்தான் இருக்கும். மெக்கேயும் கூட, இந்தக் காவிப் பற்களில் சொத்தை குறைவாக இருப்பதைக் கவனித்து ஆச்சரியப்பட்டவர்தான். எனாமலில் குழி விழுந்து பெயர்ந்து போயிருந்தால் கேப் பற்றிப் பேசலாம். பட்டை பட்டையான கறைக்கு நான் அதை முதலில் தொடமாட்டேன்.

நான் செய்வது இந்த வரிசையில். க்ளீனிங் செய்து, நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வேன். அப்புறம் மைக்ரோஅப்ரேஷன். ஈறில் படாமல் ரப்பர் திரை கட்டிவிட்டு, மென்மையான அமிலமும் நுண்ணிய பொடியும் கலந்த பசையை வைத்து மேல்பரப்பை மெல்லத் தேய்ப்போம். போவது ஒன்றிரண்டு தலைமுடித் தடிமன் எனாமல்தான். ஊசி கிடையாது, வலி கிடையாது. காவி நிறம் மேலோட்டமாக இருப்பவர்களுக்கு ஒரே சிட்டிங்கில் நம்ப முடியாத அளவு குறைந்துவிடும். வெளியிலிருந்து இறங்கிய சாயம்தானே! அதற்கப்புறம் தேவைப்பட்டால் ப்ளீச்சிங். உங்கள் பல் அளவுக்கு மெல்லிய ட்ரே செய்து தருவோம், இரவில் ஜெல் வைத்துப் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும், இரண்டு மூன்று வாரம். முதல் சில நாளில் பல் கூசும், வெள்ளைத் திட்டுகள் முன்னைவிடப் பளிச்சென்று தெரியும். “டாக்டர், மோசமாயிடுச்சு” என்று அந்த வாரம் போன் வரும். பொறுங்கள், சமனாகிவிடும். அப்படியும் விடாத வெள்ளைத் திட்டுக்கு, எனாமல் துளைகளில் ரெசின் என்ற பிசினை ஊற வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஆழமான ஒன்றிரண்டு கறைக்குப் பல் நிற ஃபில்லிங். இவ்வளவும் செய்த பிறகும் உங்களுக்குத் திருப்தியில்லை என்றால், முன்பக்கம் மட்டும் அரை மில்லிமீட்டர் எடுத்து ஒட்டும் வெனீர் என்ற மெல்லிய தகடு, அதுவும் வேண்டிய பற்களுக்கு மட்டும்.

இதில் முதல் இரண்டுக்கு ஆகிற செலவு பத்துக் கேப் செலவில் ஒரு சிறு பகுதிதான். பல் மருத்துவக் கல்லூரி எதற்காவது போனால் இன்னும் குறையும். மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் பக்கத்தில் நிற்பார், நேரம் மட்டும் அதிகம் பிடிக்கும். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போக முடிந்தால் போங்கள். ஓசூரிலிருந்து போக வர வசதிப்படாதென்றால் சேலம் பக்கத்துக் கல்லூரிகளைப் பாருங்கள். எங்கே போனாலும், “பல்லை அரைக்காமல் எதுவரை போகலாம்?” என்று முதலில் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எரிச்சல்படுகிற டாக்டரிடம் இரண்டாம் தரம் போகாதீர்கள். வளையல் அம்மா கையிலேயே இருக்கட்டும்.

பளீரென்ற வெள்ளையும் கேட்காதீர்கள். பல் நிறங்களை வரிசையாகக் காட்டும் ஷேட் கார்டை நீட்டினால் முக்கால்வாசிப் பேர் கடைசி வெள்ளையைத்தான் தொடுகிறார்கள். உங்கள் கண்ணில் இருக்கும் வெண்மையைவிடப் பல் வெளுப்பாக இருந்தால் பேசும்போது பல் மட்டும் தனியாகத் தெரியும். மறைக்க வந்த இடத்தில் விளம்பரப் பலகை வைத்த மாதிரி.

ஒரு விஷயத்தை நான் ஒளிக்கக் கூடாது. இங்கிலாந்து பக்கம் வேல்ஸில், கார்டிஃபில் 1981-ல் பதினொன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பல்லையும் மனநிலையையும் பதிவு செய்து, இருபது வருஷம் கழித்து அவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேரைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். கம்பி கட்டி வரிசையாக்கிக்கொண்டவர்கள் தங்கள் பல்லைப் பற்றித் திருப்தியாக இருந்தார்கள். ஆனால் மொத்தத் தன்னம்பிக்கை, மனநலம் என்று பார்த்தால் கம்பி கட்டியதால் பெரிய வித்தியாசம் எதுவும் வந்திருக்கவில்லை. பல் வரிசையாக இருப்பது வேறு, வாழ்க்கை நன்றாக இருப்பது வேறு. எங்கள் தொழிலின் விளம்பரங்கள் இரண்டையும் ஒரே படத்தில் காட்டுகின்றன.

பாலக்கோட்டிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். இரண்டே சிட்டிங்கில் கறை ஏறக்குறைய போய்விட்டது. ஆறு மாதம் கழித்து செக்கப்புக்கு வந்தவர், நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னதும் சிரித்தார். சிரிக்கும்போது புறங்கை தானாக எழுந்து வாயை மூடியது. “டீச்சர், எதை மறைக்கிறீங்க?” என்றேன். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. கறையைப் போக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. கையை இறக்க அவருக்கு ஒரு வருஷம் ஆனது.

அதனால் சிகிச்சைக்குக் காத்திருக்காமல் கையை இந்த வாரமே இறக்கப் பழகுங்கள். எடுத்ததும் ஆபீஸில் வேண்டாம். அக்கா குழந்தையிலிருந்து ஆரம்பியுங்கள், அது உங்கள் பல்லைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராது. பிறகு பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது, கடையில் சில்லறை வாங்கும்போது. துப்பட்டாவைப் பின் போட்டுக் குத்திவிடுங்கள், முனை கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். “எங்க ஊர் போர் தண்ணில ஃப்ளோரைடு. சின்ன வயசுல குடிச்சதுல பல்லு காவியாயிடுச்சு.” இதற்கு மேல் வேண்டாம். மன்னிப்புக் கேட்கிற குரலும் வேண்டாம், எங்கள் ஊர் மாங்காய் என்று சொல்கிற அதே குரலில் சொல்லுங்கள். கேட்டவர், “ஓ, தண்ணியா?” என்பார். ‘பாக்கு போடுறவ’ என்று அவர் மனதில் எழுதிவைத்தது அந்த ஒரு வாக்கியத்தில் அழிந்து, ‘தர்மபுரிக்காரி’ என்று ஆகிவிடும். ஹாஸ்டலில் அன்றைக்கே இப்படிச் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருந்தால் என்று நினைத்துக்கொள்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை, என்ன செய்வது.

அடுத்த வரனுக்கு போட்டோ எடுக்கும்போது ஸ்டுடியோக்காரர் பல்லை வெளுப்பாக்கித் தருவார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போட்டோவில் முத்துப் பல்லைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு நேரில் பார்ப்பது ஏமாற்றமாகத் தெரியும். வாய் மூடிய புன்னகை போதும், அல்லது உள்ளதை உள்ளபடி. பையனிடம் தனியாகப் பேச விட்டால் நீங்களே ஆரம்பித்துவிடுங்கள், தண்ணீர்க் கதையைச் சொல்லுங்கள். அதைக் கேட்டு அவர் என்ன சொல்கிறார் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தானே.

எல்லாம் முடிந்து, கறையும் போய், அப்போதும் தினம் அரை மணி நேரம் கண்ணாடி முன் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாலோ, அதற்காக வேலைக்குப் போகாமல் இருந்தாலோ என்னைப் போன்ற பல் டாக்டரிடம் திரும்ப வராதீர்கள். 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

இப்போது அந்த எட்டு மாதக் குழந்தை. உண்மையில் உங்கள் கடிதத்தில் அவசரம் என்று ஒன்று இருந்தால் இதுதான். முன்பற்கள் அதன் ஈறுக்குள்ளே இந்த மாதங்களில்தான் உருவாகிக்கொண்டிருக்கின்றன. தாய் என்ன தண்ணீர் குடித்தாலும் தாய்ப்பாலில் ஃப்ளோரைடு மிகக் குறைவாகத்தான் சேரும், எனவே தாய்ப்பால் தொடரட்டும். கவனிக்க வேண்டியது பால் பவுடர் கரைக்கும் தண்ணீரும், கேழ்வரகுக் கூழ், கஞ்சி காய்ச்சும் தண்ணீரும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். சாதாரண கேண்டில் ஃபில்டருக்கும் அது அகப்படாது, ஆர்.ஓ.வில் போகும். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் பிடித்துக் குழந்தைக்கென்று தனிக் குடத்தில் மூடி வையுங்கள். அது வராத நாளில் அதே டேங்கில் போர் தண்ணீரை ஏற்றிவிடுகிறார்கள் என்று என்னிடம் வரும் சிலர் சொல்வதுண்டு, தண்ணீர் விடுபவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பல் முளைத்ததும் பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும், மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு, விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். ஃப்ளோரைடு என்ற பெயரைக் கேட்டுப் பயந்து நீங்கள் உங்கள் பேஸ்ட்டை மாற்ற வேண்டாம். உங்கள் பல் உருவாகி முடிந்தாயிற்று, இனி ஃப்ளோரைடால் அதில் புதிதாகக் கறை வராது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது, வீட்டில் குடிக்கும் தண்ணீரை ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃப்ளோரைடு சோதனைக்கு அது ஆகாது. அந்தத் தண்ணீராலேயே இரண்டு தரம் அலசிவிட்டு நிரப்பி, எந்த ஊர், எந்தக் குழாய், என்ன தேதி என்று ஒட்டி, தர்மபுரியில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுங்கள். ரிப்போர்ட்டில் ஃப்ளோரைடு என்ற வரிக்கு நேரே இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1-க்கு மேல் இருந்தால் அதை ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை அக்காவிடமும் ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் கொடுத்துவிட்டு ஓசூர் பஸ் ஏறுங்கள்.